கேள்வி பதில்: மருதேசத்துப் பருத்தி கடலுக்கு எப்படிப் போகும்?

இந்த முறை பெரும்பாலும் ஒரே வாசகரின் கடிதம்தான். நாவல் எழுதுகிறாராம், அதற்காக ஒரு நாட்டையே உருவாக்கியிருக்கிறார். பெயர் மருதேசம். 90 லட்சம் மக்கள், கடல் கிடையாது, பத்துப் பேரில் ஏழு பேர் விவசாயம், பயிர் பருத்தியும் மக்காச்சோளமும், பழைய ஆட்சியாளர்கள் போட்டுவிட்டுப் போன ஒரே ஒரு ரயில் பாதை, ஒரு பெரிய அணை. வரைபடமும் இணைத்திருக்கிறார், ஆறுகளுக்கு வண்ணப் பென்சிலில் நிழல்கூடப் போட்டிருக்கிறார். மற்றவர்கள் கேட்டதில் இதோடு ஒட்டி வருகிற இரண்டையும் நடுவில் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: பத்தில் ஏழு பேர் விவசாயிகள் என்பதால், நாட்டின் மொத்த உற்பத்தியில் 70 சதவீதம் விவசாயத்திலிருந்து வருவதாகப் போட்டிருக்கிறேன். நம்பும்படி இருக்கிறதா?

பதில்: இல்லை. 30 என்று மாற்றுங்கள். விவசாயத்தை நம்பியிருக்கிற ஏழை நாடுகளில் உழைக்கிறவர்களில் பெரும்பாலோர் நிலத்தில்தான் இருப்பார்கள், ஆனால் மொத்த உற்பத்தியில் நிலத்தின் பங்கு பெரும்பாலும் கால்வாசிக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவில்தான் நிற்கும். எத்தியோப்பியாவையோ மலாவியையோ பாருங்கள், இதே கணக்குதான் வரும். உங்கள் கதையே இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் இருக்கிறது. செயின்ட் லூசியா என்ற சின்னத் தீவில் பிறந்த ஆர்தர் லூயிஸ் 1954இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதைப் பற்றியதுதான். நிலத்தில் தேவைக்கு மேல் கைகள் இருக்கின்றன, சிலர் கிளம்பிப் போனாலும் விளைச்சல் பெரிதாகக் குறையாது, அந்தக் கைகள் நகரத்துத் தொழிலுக்குப் போகப்போக நாடு வளரும் என்றார். 1979இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், தேவைக்கு மேல் கைகள் என்பது வருடம் முழுக்க உண்மை இல்லை. களை எடுக்கிற சில வாரங்களில் ஊரில் ஒரு கை கூடுதலாகக் கிடைக்காது, கோடையில் எல்லோரும் சும்மா இருப்பார்கள். அதனால் உங்கள் கதாநாயகனின் தம்பியைத் தலைநகருக்கு அனுப்புவதாக இருந்தால் அறுவடை முடிந்ததும் அனுப்புங்கள், களையெடுப்பு நேரத்தில் அவன் கிளம்பினால் அம்மா விடமாட்டாள்.

அப்புறம், பெயர். மருத நிலத்தை நினைத்துத்தான் வைத்திருக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் மருபூமி என்றால் பாலைவனம். மருதேசம் என்றால் தமிழ் தெரிந்த வாசகருக்கு வயலுக்கு முன்னால் மணல்தான் தெரியும். மருதநாடு என்று வைத்தால் போயிற்று.

கேள்வி: ரயில் பாதை இருந்தும் என் கதை மாந்தர்கள் ஏழையாகவே இருக்கிறார்கள். இது முரண்பாடு என்று நண்பர் சொல்கிறார்.

பதில்: நண்பர் உங்கள் வரைபடத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. அந்தப் பாதை சுரங்கத்தில் தொடங்கி அண்டை நாட்டுத் துறைமுகத்தில் முடிகிறது, நடுவில் ஒரு சந்தை ஊரைக்கூடத் தொடவில்லை. வேறு நாடு ஆண்ட காலத்தில் போட்ட பாதைகளில் பல இப்படித்தான், உள்ளே இருப்பதை வெளியே கொண்டுபோகப் போட்டவை, ஓர் ஊரை இன்னோர் ஊரோடு சேர்க்கப் போட்டவை அல்ல. சுதந்திரத்துக்குப் பிறகு போட்டதும் எப்போதும் மாறிவிடவில்லை. டான்சானியாவின் டார் எஸ் சலாம் துறைமுகத்திலிருந்து ஜாம்பியாவின் கபிரி ம்போஷி வரை சீனா கட்டிக் கொடுத்த டஜாரா பாதை 1860 கிலோமீட்டர், 1975இல் கட்டி முடித்தார்கள். ஜாம்பியாவின் செம்புக்கு, வெள்ளையர் சிறுபான்மை ஆண்ட ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே) வழியைத் தவிர வேறு நல்ல வழி வேண்டும் என்ற அரசியல் அவசரம்தான் அதற்குக் காரணம்.

எனக்கு ரயிலைவிட முக்கியமாகத் தெரிவது அதற்கு முந்தைய கடைசி இரண்டு கிலோமீட்டர். உலக வங்கி ஊர்ப்புறச் சாலை வசதியை அளக்க வைத்திருக்கும் கணக்கே இதுதான்: மழைக்காலத்திலும் வண்டி ஓடுகிற சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள்? உங்கள் நாவலுக்கு ஒரு யோசனை சொல்கிறேன், ஒரே ஒரு பருத்தி மூட்டையைப் பிடித்துக்கொண்டு அதன் கூடவே நடந்து பாருங்கள். வயலிலிருந்து தலைச்சுமையாக வருகிறது, இல்லையென்றால் கழுதை வண்டியில். ஊர் எல்லையில் ஓர் ஓடை, மேலே ஒரு சின்னக் குழாய்ப் பாலம், போன மழையில் அதன் ஒரு பக்கத்து மண் கரைந்துவிட்டது, லாரி அந்தப் பக்கமே நின்றுவிடுகிறது. மூட்டையை இறக்கி, ஓடையைக் கடந்து, மறுபடி ஏற்ற வேண்டும். லாரிக்காரர் காத்திருக்கிற நேரத்துக்கும் சேர்த்துத்தான் வாடகை கேட்பார். எங்கோ நூலாலையில் பஞ்சு என்ன விலை போனாலும், அதில் ஒரு துண்டு இந்த ஓடையிலேயே போய்விடுகிறது. பாலம் கட்ட ஆகும் செலவு, தலைநகரில் நீங்கள் வரைந்திருக்கிற அந்த எட்டு வழிச் சாலையில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

சாலை ஏன் சீக்கிரம் கெடுகிறது என்றும் ஓர் இடத்தில் எழுதுங்கள், யாரும் எழுதுவதில்லை. 1950களின் கடைசியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள், லாரிகளை இரண்டு வருடம் ஓட்டி ஓட்டிச் சாலை எப்படிச் சிதைகிறது என்று அளந்தார்கள். லாரியின் சக்கர அச்சில் விழும் எடை இரண்டு மடங்கானால் சாலைக்கு ஆகும் சேதம் இரண்டு மடங்கு அல்ல, ஏறக்குறைய 16 மடங்கு. ஆக, எடை மேடையில் நிற்கிற ஊழியர் கையில் ஏதோ வாங்கிக்கொண்டு அதிகச் சுமை லாரியை விட்டுவிடும் காட்சி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறதே, அதை லஞ்சக் காட்சியாக மட்டும் முடித்துவிடாதீர்கள். இருபது வருடம் தாங்க வேண்டிய சாலை அந்த மேடையில்தான் நாலைந்து வருடச் சாலையாகிறது.

கேள்வி: பருத்தி விலையை யார் முடிவு செய்வது? வில்லன் ஒரு தரகராக இருக்கட்டுமா?

பதில்: தரகரை வில்லனாக்குவது ரொம்பப் பழையது. அதைவிட, விதைப்புக்கு முன்பே விலையை அறிவித்து, நாடு முழுக்க ஒரே விலைக்கு வாங்குகிற ஒரே ஒரு அரசு நிறுவனத்தை வையுங்கள். மாலி, புர்கினா பாசோ போன்ற நாடுகளில் வெகுகாலம் நடந்த முறை இது. விதையும் உரமும் கடனாகக் கொடுப்பார்கள், அறுவடையில் பிடித்துக்கொள்வார்கள். இதை வெறும் சுரண்டல் என்று சொல்லிவிட முடியாது, வேறு யாரும் அந்த விவசாயிக்கு உரம் கடன் தருவதில்லை. ஒரே விலை என்பதால் தூரத்துக் கிராமத்தின் லாரி வாடகையை ஆலைக்குப் பக்கத்தில் இருக்கிற கிராமம் சுமக்கிறது. அங்கேயே ஒரு சண்டை கிடைக்கிறது, பாருங்கள்.

சிக்கல் அந்த நிறுவனத்தின் கஜானா அரசாங்கத்தின் கஜானாவாக மாறும்போதுதான் ஆரம்பிக்கும். ஊர்ப்புறத்தில் வருமான வரி வசூலிக்க முடியாது, கணக்கே இல்லை. ஆக, கொள்முதல் விலையைக் குறைத்து வைப்பதுதான் சுலபமான வரி. 1970களில் கானா கோகோவுக்கு அப்படித்தான் குறைத்துக் கொடுத்தது. போதாததற்கு நாணயத்தின் அதிகாரபூர்வ மதிப்பு ஒன்று, கள்ளச்சந்தை மதிப்பு வேறு. விவசாயிகள் என்ன செய்தார்கள்? கொஞ்சப் பேர் மரங்களைக் கவனிக்காமல் விட்டார்கள், கொஞ்சப் பேர் மூட்டையை இரவோடு இரவாக எல்லை தாண்டி டோகோவிலும் ஐவரி கோஸ்ட்டிலும் விற்றார்கள். உங்கள் நாட்டுக்கு எல்லை நாலு பக்கமும் இருக்கிறது, பயன்படுத்துங்கள்.

ஒரு திருத்தம். பருத்தியை அப்படியே ரயிலில் ஏற்றி அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். பருத்தியில் பாதிக்கு மேல் கொட்டை, பஞ்சு மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலேதான் தேறும். அதனால் ஜின்னிங் ஆலையை வயல்களுக்குப் பக்கத்தில் வைப்பார்கள், அங்கே கொட்டை நீக்கி, அழுத்திக் கட்டிய பேல்களாகத்தான் ரயிலேறும். ஆலை இருக்கிற ஊரில் எண்ணெய் ஆட்டுகிறவர் இருப்பார், பிண்ணாக்குக்கு மாட்டுக்காரர் வருவார், லாரி பட்டறை வரும், சின்ன நகரமே முளைக்கும். வரைபடத்தில் அப்படி இரண்டு புள்ளிகள் வையுங்கள்.

கேள்வி (இன்னொரு வாசகர்): இந்த மாதிரி நாடுகளில் சின்னச் சின்னத் துண்டு நிலங்களை ஒழித்துவிட்டு, டிராக்டரை இறக்கிப் பெரும் பண்ணைகள் போட்டால் என்ன?

பதில்: போட்டுப் பார்த்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பிரிட்டனில் சமையல் கொழுப்புக்குத் தட்டுப்பாடு, உடனே டாங்கனீக்காவில் (இன்றைய டான்சானியா) சுமார் 30 லட்சம் ஏக்கரில் நிலக்கடலை போடலாம் என்று 1947இல் அரசே இறங்கியது. பழைய டிராக்டர்கள் போதாமல், போரில் மிஞ்சிய ஷெர்மன் டாங்கிகளைக்கூட டிராக்டராக மாற்றிக் கொண்டுபோனார்கள். புதர் வேர்கள் இயந்திரங்களை உடைத்தன. மழை ஏமாற்றியது, களிமண் வெயிலில் இறுகி, காய்த்த கடலையையும் பிடுங்க முடியவில்லை. 1951இல் கைவிட்டபோது செலவு 3.6 கோடி பவுண்டு. விதைக்கு வாங்கிய கடலை அளவுகூடத் திரும்ப விளையவில்லை என்று சொல்வார்கள். பெரும் பண்ணையே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த மண்ணைப் பற்றி அங்கே உழுகிறவர்களுக்குத் தெரிந்திருந்தது, அவர்களிடம் கேட்காமலே திட்டம் போட்டார்கள்.

கேள்வி: அணை இருப்பதால் மின்சாரம் தாராளம் என்று வைத்துக்கொள்ளலாமா?

பதில்: மழை பெய்கிற வருடத்தில். ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் நடுவில் 1959இல் கட்டிய கரிபா அணையைப் பாருங்கள், 2024 வறட்சியில் ஜாம்பியாவில் மக்காச்சோளமும் கருகியது, அணையில் தண்ணீர் இறங்கி மின்வெட்டும் வந்தது, இரண்டும் ஒரே வருடத்தில். விவசாய நாடு மின்சாரத்துக்கும் அதே மழையை நம்பினால் அடி ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் விழும். சாப்பாட்டை இறக்குமதி செய்யப் பணம் வேண்டிய அதே மாதத்தில் ஆலையும் நின்றுபோயிருக்கும். இதை நீங்கள் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் வைத்தால் கதை தானாக நகரும்.

கரிபாவுக்காக சுமார் 57,000 டோங்கா இன மக்களை இடம் பெயர்த்தார்கள். அவர்களில் பலருடைய ஊர்களுக்குப் பல வருடங்கள் மின்சாரம் வரவில்லை. கம்பி தலைக்கு மேலேயே போகும், ஆனால் உயர் அழுத்தக் கம்பியில் கொக்கி போட்டு ஒரு பல்பு எரிக்க முடியாது, அழுத்தத்தைக் குறைக்கத் துணைமின் நிலையம் வேண்டும், நூறு குடிசைக்காக அதை யாரும் கட்டுவதில்லை. கீழே மண்ணெண்ணெய் விளக்கு, மேலே இரவெல்லாம் கம்பியின் ரீங்காரம்.

கேள்வி (மற்றொருவர்): ரூபாய் நோட்டில் பருத்திச் செடி படம் போடலாமா?

பதில்: போடலாம். நோட்டு அச்சடிப்பது மட்டும் வெளிநாட்டில் நடக்கட்டும், சின்ன நாடுகள் பலவற்றில் நிஜமும் அதுதான்.

கேள்வி: கடைசியாக ஒன்று. ‘இது ஏழை நாடு’ என்று எழுதாமல் முதல் பக்கத்திலேயே அதை எப்படிக் காட்டுவது?

பதில்: ஜின்னிங் ஆலை வாசலில் லாரி வரிசையை வையுங்கள். மூன்று நாளாக நிற்கிறது, ஓட்டுநர்கள் வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறார்கள், ஒருவர் கைப்பேசியில் ஊருக்குப் பணம் அனுப்புகிறார் (கென்யாவில் எம்-பெசா வந்தது 2007இல், உங்கள் கதை அதற்குப் பிறகு நடப்பதால் தாராளமாக வைக்கலாம்), மேற்கில் மேகம் கறுக்கிறது, பருத்தியை மூடத் தார்ப்பாய் பாதி வண்டிக்குத்தான் இருக்கிறது. நனைந்தால் இரண்டாம் தரம்.

அந்த லாரிகள் திரும்பும்போது என்ன ஏற்றிப் போகின்றன என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள், காலியாகத் திரும்பினால், போகிறபோது வாங்கும் வாடகை கூடிவிடும். உரம் என்று எழுதியிருக்கிறீர்கள். உரம் விதைப்பை ஒட்டி வந்தாக வேண்டும், உங்கள் ஏழாம் அத்தியாயத்தில் அது அறுவடைக்குப் பிறகு வந்து இறங்குகிறது. கவனக்குறைவு என்றால் திருத்துங்கள். தெரிந்தேதான் எழுதினீர்கள் என்றால் கை வைக்காதீர்கள், நிஜத்திலும் பல இடங்களில் அப்படித்தான் வந்து சேர்கிறது.