பங்குனி, சித்திரையில் பூக்கும் நம்மூர் மரங்கள்: சின்னத் தோட்டத்துக்கு எவை சரிவரும்?

கேள்வி இது: "மதுரைக்குப் பக்கத்தில் ஆறு சென்ட் மனையில் வீடு கட்டியிருக்கிறோம். பின்பக்கம் பாதி இடம் காலியாக இருக்கிறது. வெயில் தொடங்கும் காலத்தில் பூக்கும் நம் மண்ணின் செடிகளாக வைத்து, பறவை, பட்டாம்பூச்சி, தேனீ எல்லாம் வருகிற மாதிரி தோட்டம் போட முடியுமா? எல்லாம் கருகிவிடாதா? இலைக்குப்பை சேர்ந்தால் பாம்பு வரும் என்று அம்மா வேறு பயப்படுகிறார்."

தாராளமாகப் போடலாம். நான் இருப்பது திருச்சிக்கு வெளியே. எங்கள் வெயில் மதுரை வெயிலுக்குக் கொஞ்சமும் சளைத்ததில்லை. ஆனால் முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: நம் சமவெளியில் வெயில் காலப் பூ என்பது மரங்களின் பூ. தும்பை மாதிரிச் சிறு செடிகளெல்லாம் மழையை நம்பிப் பிழைக்கிறவை. ஐப்பசி மழைக்குப் பிறகு முளைத்துப் பூத்து, மாசி வெயில் உறைக்கும் முன்பே கதையை முடித்துக்கொள்ளும். சித்திரையில் பூ வேண்டும் என்பவர் ஒரு மரமாவது வைத்தே ஆக வேண்டும். பூச்செடித் தொட்டிகளை வரிசையாக அடுக்கி, தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றி, அப்படியும் கருகுகிறதே என்று நொந்துகொள்வது வீண் வேலை.

இளவேனில் என்று சித்திரையையும் வைகாசியையும் குறித்து வைத்தவர்கள் இதே வெயிலில் வாழ்ந்தவர்கள்தான். மாசிக் கடைசியில் மரம் இலையைக் கொட்டுகிறது. பங்குனியில் தளிர், அதோடு சேர்ந்தோ சற்றுப் பிந்தியோ பூ. தண்ணீர் இல்லாத நாளில் மரத்துக்கு ஏன் இந்த வேலை என்று தோன்றும். இலை இல்லாவிட்டால் ஆவியாகிப் போகும் நீர் குறைவு. வேர் ஆழத்தில் இருப்பதால் மேல்மண் காய்ந்தாலும் சமாளித்துவிடும். மொட்டைக் கிளையில் இருக்கும் பூ பறவைக்குத் தூரத்திலிருந்தே தெரியும். எல்லாவற்றையும்விட, சித்திரையில் பூத்தால்தான் ஆனி, ஆடியில் பழுத்து, மழை விழும் நேரத்துக்கு விதை தரையில் இருக்கும். வேப்பங்கொட்டையின் முளைப்புத்திறன் சில வாரங்களிலேயே போய்விடும். அதனால் வேம்பு தள்ளிப்போட முடியாது.

சரி, ஆறு சென்ட்டில் என்ன வைப்பது? என்னைக் கேட்டால் முதலில் புங்கம். நர்சரிக்காரர்கள் இதைக் கடைசியில்தான் காட்டுவார்கள், ரோட்டோர மரம் என்று ஒரு இளக்காரம். பங்குனியில் இலையெல்லாம் உதிர்ந்து நாலு நாள் பரிதாபமாக நிற்கும். அப்புறம் ஒரு வாரத்துக்குள் எண்ணெய் தடவிய மாதிரி மினுமினுக்கும் இளம்பச்சைத் தளிர். அதன் பின்னே வெள்ளையும் ஊதாவும் கலந்த சின்னச் சின்னப் பூக்கள் கொத்துக் கொத்தாக வரும். காலையில் எழுந்து பார்த்தால் தரை முழுக்கப் பொரி இறைத்ததுபோல் கிடக்கும். தேனீக்களின் இரைச்சல் அடுப்படி வரை கேட்கும். கொம்புத்தேனீ, பொந்துத்தேனீ, கொசுத்தேனீ எல்லாம் ஒரே கிளையில் இருக்கும். அந்தத் தளிரைத் தின்றே வளரும் புழுக்களும் உண்டு. பழுப்பு நிறத்தில், உட்கார்ந்த இடத்தில் நிற்காமல் விருட்டென்று பறக்கும் ஒரு பட்டாம்பூச்சியின் புழுக்கள் அவை. இலையில் ஓட்டை விழும். விழட்டும். தையல்சிட்டும் தேன்சிட்டும் குஞ்சுக்கு ஊட்டுவது புழுவும் சிலந்தியும்தான். தேன்சிட்டு என்று பெயர்தான், குஞ்சைத் தேனை மட்டும் கொடுத்து வளர்க்க அதனால் முடியாது. இலையில் ஓட்டை விழாத மரத்தில் குருவிக்குச் சாப்பாடு இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா வருடா வருடம் கேட்பார்: "ஏன் தம்பி, மரம் வளக்குறீங்களா, குப்பை வளக்குறீங்களா?" அவர் வாசலில் விழுவதை நானே கூட்டி அள்ளிவிடுகிறேன். அந்த இலையும் பூவும் நல்ல தழையுரம், நெல் வயலுக்குப் புங்கந்தழை மிதித்தவர்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். கோடையில் நிழலுக்கு வண்டியை அதே மரத்தடியில்தான் அக்கா நிறுத்துகிறார் என்பது வேறு விஷயம்.

இரண்டாவது, சரக்கொன்றை. அழகுக்காக எல்லோரும் வைப்பார்கள், சரிதான். ஆனால் ஒரு பூவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்து மகரந்தத் தாள்கள் இருக்கும், எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. மூன்று மட்டும் நீளமாக, வளைந்து முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். நடுவில் நாலு குட்டை. மீதி மூன்று பெயருக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். நடுவிலுள்ள குட்டைத் தாள்களில் அது சின்னத் துளை வழியாகத்தான் வெளியே வரும். மிளகுத்தூள் டப்பாவைக் குலுக்குவது மாதிரி யாராவது குலுக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது நாம் கருவண்டு என்று சொல்லும் பெரிய கருப்புத் தேனீ, மரத்தைத் துளைத்துக் கூடு கட்டுமே அதுதான். பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் "ர்ர்ர்" என்று அதிரும், பறக்கும் சத்தத்தைவிட ஒரு கட்டை மேலே கேட்கும். குட்டைத் தாள்களிலிருந்து தன் சாப்பாட்டை எடுக்கும்போதே, நீளத் தாள்களின் மகரந்தம் அதன் உடம்பில் ஒட்டி அடுத்த பூவுக்குப் போகும். அடுக்குப் பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த அதிர்வு வித்தை தெரியாது. ஆகவே கொன்றை காய்க்க வேண்டுமானால் கருவண்டு வேண்டும், கருவண்டு தங்க வேண்டுமானால் காய்ந்த கட்டை வேண்டும். ஒடிந்த முருங்கைக் கிளையையோ ஒரு மூங்கில் துண்டையோ மூலையில் சாத்தி வையுங்கள். கடிக்குமோ என்று பயப்படாதீர்கள், நாம் போய்ப் பிடித்தாலொழிய அது நம்மைச் சீண்டாது.

கொன்றைத் தளிரில் வெளிர்மஞ்சளும் வெள்ளையுமான கொன்றை வெள்ளையன் பட்டாம்பூச்சி முட்டையிடும். சில வருடம் புழுக்கள் மரத்தையே மொட்டையடித்த மாதிரி ஆக்கிவிடும். மருந்து அடிக்காதீர்கள். மைனாவும் காக்காவும் வந்து பார்த்துக்கொள்ளும், மரமும் அடுத்த தளிரை விட்டுவிடும்.

பறவைக்கென்றே ஒரு மரம் வேண்டுமென்றால் கல்யாண முருங்கை, அதாவது முள்முருங்கை. மாசி, பங்குனியில் இலையில்லாத கிளை நுனிகளில் சிவப்புப் பூ வரும். காக்கா, மைனா, கரிச்சான், கொண்டைக்குருவி, தேன்சிட்டு என்று தினமும் தகராறுதான். ஊருக்குத் திரும்பும் முன் சோளக்குருவிகளும் கூட்டமாக வந்து இறங்கும். மத்திய ஆசியப் பக்கத்திலிருந்து குளிர்காலத்துக்கு நம்மூர் வந்தவை அவை. உடம்பில் ரோஜா நிறம், தலையும் இறக்கையும் கருப்பு. பார்த்தால் மறக்க மாட்டீர்கள். இந்த மரத்தில் ஒரு தொந்தரவும் உண்டு: 2000-களின் நடுவிலிருந்து ஒரு நுண்ணிய குளவி இதன் தளிரிலும் காம்பிலும் முட்டையிட்டு, இலையை முண்டு முண்டாக வீங்க வைக்கிறது. வீங்கிய கிளையை வெட்டி எரித்துவிட வேண்டியதுதான். நல்ல தளிர் கிடைத்தால் அரிசியோடு அரைத்து அடை சுடலாம், சளிக்கு நல்லது என்று எங்கள் வீட்டில் இன்றும் சுடுகிறோம்.

வேம்பு வைக்க இடம் இருந்தால் வையுங்கள், இல்லையென்றால் தெருவில் எப்படியும் ஒன்று இருக்கும். பூவைப் பொறுக்கிக் காயவைத்து ரசத்துக்கு எடுத்துக்கொள்ளலாம், பழம் குயிலுக்கும் வௌவாலுக்கும். இலுப்பையை ஆறு சென்ட்டில் வைக்க முடியாது, அது கோயில் தோப்பு அளவு மரம். ஆனால் உங்கள் பக்கத்துக் கோயிலில் இலுப்பை இருந்தால் பங்குனி இரவில் போய் நின்று பாருங்கள். தசைப்பற்றான வெண்பூவைத் தின்னப் பழந்தின்னி வௌவால்கள் வந்து போகும். விடிகாலையில் தரையில் கிடப்பதை எடுத்து வாயில் போட்டால், ஆலை இல்லாத ஊரில் இலுப்பைப் பூவைச் சர்க்கரை என்றது சும்மா இல்லை என்று தெரியும்.

மரத்தடியில் என்ன? கறிவேப்பிலை கட்டாயம். வெயில் ஏற ஏற வெள்ளைப் பூங்கொத்து வரும், பிறகு கருப்புப் பழத்தைக் கொண்டைக்குருவி காலி செய்யும். இலையில் பறவை எச்சம் மாதிரி ஏதாவது இருந்தால் துடைத்துவிடாதீர்கள், உற்றுப் பாருங்கள். எச்சம் நகரும். அதுதான் கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சியின் குட்டிப்புழு. கொஞ்சம் வளர்ந்ததும் வேஷத்தைக் கலைத்துப் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரட்டைக் கொம்பு ஒன்றை நீட்டும், அதிலிருந்து குப்பென்று ஒரு வாடை.

இந்தக் கறிவேப்பிலை அழகிக்குத் துணையாக ஆடுதீண்டாப்பாளையையும் வைக்கச் சொல்வேன். தரையோடு படரும் கொடி, கரிசல், செம்மண் இரண்டிலும் வரும், தண்ணீர் கேட்காது. இதன் நஞ்சு இலையைத் தின்று வளரும் பட்டாம்பூச்சிகள் சிவப்பு உடம்போடு, கருப்பு இறக்கையில் சிவப்புப் புள்ளிகளோடு இருக்கும். ஒருமுறை தின்ற பறவை மறுபடி அந்தப் பக்கம் போகாது. கறிவேப்பிலை அழகிக்கு அந்த நஞ்சு கிடையாது. ஆனால் அதன் பெண்களில் பல அதே சிவப்புப் புள்ளி உடுப்பைப் போட்டுக்கொண்டு பறவையை ஏமாற்றும். ஆண்களுக்கு இந்த வேஷம் இல்லை. வேறுபாடு கண்டுபிடிக்க உடம்பைப் பாருங்கள்: சிவப்பாக இருந்தால் அசல், கருப்பாக இருந்தால் நகல். இரண்டு செடியும் பத்தடி தூரத்தில் இருந்தால் அசலையும் நகலையும் ஒரே காலையில் பார்க்கலாம். இதற்காகவே நான் இந்தக் கொடியை வைத்திருக்கிறேன் என்றாலும் பொய்யில்லை. ஆனால் பெயரே சொல்கிறதே, ஆடுகூடத் தீண்டாது, வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் வேலிப் பக்கமாக வையுங்கள்.

எருக்கு தானாகவே முளைக்கும், ஒன்றை விட்டுவையுங்கள், வெந்தய வரியன் பட்டாம்பூச்சி வரும். துளசியைக் கிள்ளிக்கொண்டே இருக்காமல் ஒன்றிரண்டைக் கதிர் விட்டுப் பூக்க விடுங்கள், வயிற்றில் நீலப்பட்டை போட்ட தேனீ தேடி வரும். இரவில் அவை குச்சியை வாயால் கவ்விக்கொண்டு வரிசையாகத் தூங்கும், டார்ச் அடித்தால் தெரியும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். "வெயில் காலப் பூமரம்" என்று கேட்டால் கடையில் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பது குல்மோகரும் காகிதப்பூவும் தங்க அரளியும். குல்மோகர் மடகாஸ்கர்க்காரர், மற்ற இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. ஏற்கெனவே நின்றால் வெட்டச் சொல்ல மாட்டேன், தேன்சிட்டு அதிலும் வாய் வைக்கும். ஆனால் நம் பட்டாம்பூச்சிகளுக்கு அவற்றின் இலையில் பெரிதாக வேலையில்லை. இருக்கிற கொஞ்ச இடத்தை அவற்றுக்குக் கொடுக்க எனக்கு மனம் வராது. உண்ணிச்செடியை மட்டும் வைக்கவே வைக்காதீர்கள். பூவில் பட்டாம்பூச்சி மொய்க்கும் என்று ஆசை காட்டுவார்கள். பழத்தைப் பறவை தின்று காடெல்லாம் பரப்பிவிடும்.

இப்போது போய்ச் சித்திரையில் குழி வெட்டாதீர்கள். பூ பார்ப்பதற்கு இது காலம், நடுவதற்கு ஆடிக்குப் பிறகு. அதுவரை விதை சேர்க்கலாம். புங்கங்கொட்டையை அப்படியே ஊன்றினால் முளைக்கும். கொன்றை விதைக்குத் தோல் கெட்டி, உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து ஒரு ராத்திரி ஊறவைத்துப் போடுங்கள். கல்யாண முருங்கைக்குப் போத்து, அதாவது வெட்டி நடும் கிளைத்துண்டு போதும். கன்றாக வேண்டுமென்றால் வனத்துறை நாற்றங்காலில் விசாரியுங்கள். சுவரிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடியாவது தள்ளி வையுங்கள். முதல் இரண்டு கோடைக்கு வாரம் இரண்டு முறை ஆழமாகத் தண்ணீர் விட்டால் போதும், பிறகு மரம் தன்னைப் பார்த்துக்கொள்ளும். வேர்பிடித்த கொன்றைக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினால் இலைதான் செழிக்கும், பூ குறையும்.

கடைசியாக, அம்மாவின் பாம்பு. பாம்பு இலைக்காக வருவதில்லை, எலிக்கும் தவளைக்கும் வருகிறது. திறந்து கிடக்கும் அரிசிச் சாக்கு, நாய்க்கு வைத்த மிச்சச் சோறு, செங்கல் குவியல், பழைய தகரம், இவைதான் எலி தங்கும் இடம். அதையெல்லாம் ஒழித்துவிட்டு, வீட்டுச் சுவரை ஒட்டி ஆறடிக்குத் தரையைச் சுத்தமாகக் கூட்டி வையுங்கள். இலைக்குப்பை மரத்தடியில் மட்டும் வட்டமாகக் கிடக்கட்டும். பறவைக்குத் தண்ணீர்ச் சட்டியைத் தரையில் வைக்காமல் இடுப்பு உயரத்தில் ஒரு கல்மேல் வையுங்கள். இருட்டிய பிறகு பின்பக்கம் போனால் செருப்பும் டார்ச்சும். அப்படியும் ஒன்று வந்துவிட்டால் அடிக்கப் போகாதீர்கள், தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தால் வந்து பிடித்துப் போவார்கள். சாரையாக இருந்தால், அது எலியைத் தின்றுவிட்டுத் தானே போய்விடும் என்று அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். என் அம்மா இன்னும் நம்பவில்லை.