கோச்சிக்குக் காத்திருக்க ஒரு நல்ல இடம்

கேள்வி: கொழும்பு–பதுளை கோச்சி (ரயில்) தாமதமானால் மழையில் நனைந்து நடுங்குகிறோம் ஐயா. சூழலைக் கெடுக்காத ஓய்விடங்களை மலையகத்தில் எப்படிக் கட்டலாம்?
– வாசகி, அட்டன்

பதில்: முதல் விஷயம், எல்லா ஸ்டேஷனுக்கும் ஒரே பிளான் சரிவராதும்மா. உங்கள் அட்டன் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மழையைச் சாய்த்து அடிக்கும், பதுளைப் பக்கமோ வடகிழக்குப் பருவத்தில்தான் பெருமழை, அதனால் மூடிய சுவர் எந்தத் திசையில், திறப்பு எந்தத் திசையில் என்பதை அந்தந்த ஊரின் காற்றைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். பட்டிப்பொல ஸ்டேஷன் சுமார் 6,200 அடி உயரத்தில் இருக்கிறது, அங்கே கொழும்பு மாதிரி நாலு பக்கமும் திறந்துவிட்டால் பிள்ளைகளும் வயதானவர்களும் என்ன ஆவது? காலை வெயில் விழும் பக்கம் கண்ணாடி, மற்றப் பக்கம் தடித்த கருங்கல் சுவர். பகலில் வாங்கிய சூட்டைக் கல் மெதுவாகத்தான் விடும்.

அப்புறம் கூரை. 50 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 1,000 லீட்டர் தண்ணீர்! பீலி வைத்து டாங்கியில் பிடித்தால் கழிப்பறைக்குத் தாராளமாகப் போதும், பெண்களுக்கு அதுதானே பெரிய கஷ்டம். விளக்குக்கு ஒரு சின்ன சோலார் பலகையும் பேட்டரியும் போதும். ஆனால் மண்ணை வெட்டிச் சமப்படுத்தாமல், சரிவிலேயே தூண் நிறுத்திக் கட்டச் சொல்லுங்கள், மண்சரிவு பயம் உள்ள இடம் இது.