கலைப் புகைப்படக்காரர் தம் பார்வையாளர்களை எப்படிக் கண்டடைகிறார்?

காட்சிக்கூடம் ஒன்று அழைக்கும்வரை கலைப் புகைப்படக்காரர் காத்திருக்கத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டியதில்லை என்பதற்கு டெல்லியைச் சேர்ந்த தயானிதா சிங்கின் பணியே எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சான்று. பயணங்களில் எடுத்த படங்களைக் கொண்டு நண்பர்களுக்காக அவர் செய்துவந்த கையடக்க ஏடுகள், ஆர்மோனியத்தின் துருத்தியைப் போல மடிந்து விரிபவை. அந்த வடிவத்தையே எடுத்துக்கொண்டு, ஏழு ஏடுகள் அடங்கிய ‘சென்ட் எ லெட்டர்’ என்ற பெட்டியை 2008இல் ஜெர்மனியின் ஸ்டைடல் பதிப்பகத்தின் வழியே வெளியிட்டார். ஏட்டை விரித்து மேசைமேல் நிறுத்தினால், வாங்கியவரின் வீட்டிலேயே கண்காட்சி அமைந்துவிடுகிறது. கொல்கத்தாவில் ஒரு நகைக்கடையின் கண்ணாடிப் பேழையிலும் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன. 2017இல் வந்த ‘மியூசியம் பவன்’ என்ற ஏட்டுப் பெட்டி இதன் வளர்ச்சி. 2022இல் புகைப்படத்துக்கான சர்வதேச விருதான ஹாசல்பிளாட் விருதும் அவருக்குக் கிடைத்தது. ஆகவே, படத்தொடரைத் திட்டமிடும்போதே அது யார் கைக்கு, எந்த வடிவில் போய்ச் சேர வேண்டும் என்பதையும் முடிவு செய்யுங்கள்.