பெஞ்சில் உட்காரும் கோல்கீப்பர்

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். கால்பந்தில் கோல் அடிக்கும் ஃபார்வர்டாக ஆடிக்கொண்டிருந்தவனை, உயரமாக இருக்கிறான் என்று கோச் கோல்கீப்பராக்கிவிட்டார். ஒரு மேட்சில் ஐந்து கோல் வாங்கினான், அதிலிருந்து பெஞ்ச்தான். கோல்கீப்பருக்கெல்லாம் எதிர்காலம் உண்டா?
- ஒரு வாசகி, கோவை

பதில்: எங்கள் தெருவில் ஓட முடியாதவனைத்தான் கோலில் நிறுத்துவார்கள். அப்படி நின்றவன்தான் நானும். பையனின் முகம் எப்படித் தொங்கியிருக்கும் என்று தெரியும்.

ஆனால் கோச் செய்தது புதிதல்ல. நம் இந்திய அணியின் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜும் செகந்திராபாத்தில் சென்டர் ஃபார்வர்டாக ஆடியவர்தான். ராணுவத்தில் சேர்ந்து மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணிக்கு வந்த பிறகுதான் கோலுக்குப் போனார். 1956, 1960 ஒலிம்பிக் அணிகளிலும், 1962இல் ஜகார்த்தாவில் ஆசியத் தங்கம் வென்ற அணியிலும் இருந்தார்.

சரி, ஐந்து கோல்? இத்தாலியின் கோல்கீப்பர் டினோ ஜோஃபை 14 வயதில், உயரம் போதாது என்று யுவென்டஸ் கிளப் திருப்பி அனுப்பியது. 1961இல் உடினேசே கிளப்புக்காக முதல் டிவிஷனில் இறங்கிய முதல் மேட்சிலேயே ஐந்து கோல் வாங்கினார். அப்புறம் அதே யுவென்டஸுக்கு 11 வருடம் ஆடினார். 1982இல் உலகக் கோப்பையைக் கேப்டனாகத் தூக்கியபோது அவருக்கு வயது 40! ஃபார்வர்டுகள் வீட்டுக்குப் போகும் வயதில்தான் கீப்பர்கள் பழுக்கிறார்கள்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. களத்தில் அணிக்கு ஒரே ஒரு கீப்பர். பெஞ்சில் இருக்கும் ஃபார்வர்டுக்கு கடைசி இருபது நிமிடமாவது கிடைக்கும். இரண்டாவது கீப்பருக்கு அதுவும் கிடைக்காது. பார்த்துக்கொண்டே இருந்து இந்த வேலையைக் கற்க முடியாது. பெரிய அணியின் பெஞ்சைவிடச் சின்ன அணியின் கோல் மேல். ஜூனியர் அணியிலோ பக்கத்து கிளப்பிலோ வாரம் ஒரு மேட்ச் ஆட விடச் சொல்லி கோச்சிடம் கேளுங்கள். அந்த ஐந்தில் எத்தனை இவன் தப்பு என்பதையும் கேளுங்கள். நின்ற இடம் தப்பா, டிஃபென்ஸ் ஓட்டையா என்று அவரால் சொல்ல முடியாவிட்டால், கீப்பர்களுக்கென்றே பயிற்சி தருபவரைத் தேடுங்கள்.

ஃபார்வர்டாக ஆடிய கால் வீண் போகாது. தன் ஆள் வேண்டுமென்றே காலால் தள்ளிவிடும் பந்தைக் கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்று 1992இல் விதி வந்ததிலிருந்து, காலாட்டம் தெரிந்த கீப்பருக்குத்தான் மவுசு.

சம்பாதிக்கும் இடங்கள் நம் நாட்டில் குறைவு. படிப்பை விட வேண்டாம். அப்புறம், அவனுக்கென்று கிளவுஸ் இருக்கிறதா? பள்ளியில் எல்லோரும் மாற்றி மாற்றிப் போட்டுத் தேய்ந்ததில் பந்து நிற்காது.