அப்பா "ரெண்டு" என்கிறார், இரவில் தூங்குவதில்லை

கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது. மல்டிபிள் மைலோமா என்ற இரத்தப் புற்றுநோய்க்கு நான்கு மாதமாக போர்டிசோமிப் ஊசி போடுகிறோம். நோயின் அளவைக் காட்டும் எம் புரதம் நன்றாகக் குறைந்திருப்பதாக ரிப்போர்ட் சொல்கிறது. ஆனால் முதுகுவலியால் தூக்கமே இல்லை. ஓ.பி.யில் வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டால் "ரெண்டு" என்கிறார். அங்கே தரும் கேள்வித்தாளில் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றே டிக் போடுகிறார். இதெல்லாம் தேவைதானா, டாக்டர்? மார்ஃபின் ஆரம்பிக்கலாம் என்கிறார்கள், பயமாக இருக்கிறது.

பதில்: தேவைதான். நோய் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று ரிப்போர்ட் சொல்லும், அப்பா எப்படி இருக்கிறார் என்று சொல்லாது. மைலோமா செல்கள் எலும்பை அரிக்கும் செல்களைத் தூண்டிவிடுவதால் முதுகெலும்பு வலுவிழந்து நசுங்கலாம். மருந்தில் புற்று செல்கள் குறைந்தாலும் நசுங்கிய எலும்பு பழைய உயரத்துக்கு வராது. அதனால்தான் ரிப்போர்ட் நன்றாக இருந்தும் வலி நிற்காமல் போகிறது.

அப்பா பொய் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஓ.பி. நாற்காலியில் அசையாமல் இருக்கும்போது வலி இரண்டாகவே இருக்கலாம். புரண்டு படுக்கும்போதும் இருமும்போதும் அதுவே எட்டாகிவிடும். ஆகவே உட்கார்ந்திருக்கும்போது எத்தனை, எழும்போது எத்தனை, மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். வலி மருந்தின் அளவை முடிவு செய்ய எங்களுக்கு இதைவிட உதவியானது வேறில்லை.

அடுத்து கேள்வித்தாள். உலகமெங்கும் அதிகம் பயன்படுவது 1993-ல் வெளியான, நோயாளியின் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் 30 கேள்விகள் கொண்ட ஐரோப்பியத் தாள். மைலோமாவுக்கென்றே 20 கேள்விகளில் தனி இணைப்பும் உண்டு. பெரும்பாலும் கடந்த ஒரு வாரத்தைப் பற்றித்தான் கேட்பார்கள்: நடக்க முடிந்ததா, குளிக்க உதவி தேவைப்பட்டதா, தூக்கம், கவலை, எலும்பு வலி. பதில்களை 0 முதல் 100 வரையிலான மதிப்பெண்ணாக மாற்றுவோம். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் சுமார் 10 புள்ளி வித்தியாசம் இருந்தால் அது நோயாளியே உணரக்கூடிய மாற்றம். எல்லாம் "இல்லை" என்றால் ஒப்பிட எதுவுமே மிஞ்சாது.

தாளை அப்பாவே நிரப்பட்டும். கண் தெரியவில்லை என்றால் நர்ஸ் வாசித்துக் காட்டட்டும், நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள். பிள்ளை பக்கத்தில் நிற்கும்போது வலிக்கிறது என்று சொல்லும் அப்பாக்கள் குறைவு.

அவர் மறைக்கக்கூடிய இன்னொன்று, பாதம் மரத்துப்போவது. செருப்பு கழன்றது தெரியாமல் நடக்கிறாரா என்று கவனியுங்கள். போர்டிசோமிப் நரம்பைப் பாதிக்கும் மருந்து. சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில் பலர் வாயே திறப்பதில்லை. ஆரம்பத்திலேயே தெரிந்தால் அளவைக் குறைக்கலாம், வாரம் ஒருமுறையாக மாற்றலாம். விட்டுவிட்டால் பாதிப்பு நிரந்தரமாகவும் ஆகலாம்.

மார்ஃபின் கடைசி நாட்களுக்கான மருந்து என்ற பயம் நம் ஊரில் நிறைய இருக்கிறது. தயவுசெய்து அதை விடுங்கள். நடமாடுகிற நோயாளிகளும் சாப்பிடுகிற மருந்துதான். புற்றுநோய் வலிக்கு டாக்டர் கண்காணிப்பில் எடுக்கும்போது அடிமையாவது அரிது. முதல் சில நாள் மயக்கமும் குமட்டலும் வரலாம், அப்புறம் குறையும். மலச்சிக்கல் மட்டும் குறையாது, எனவே முதல் நாளே அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள். கிரியாட்டினின் (சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் இரத்தத்தில் ஏறுவது) அதிகமாக இருந்தால் மார்ஃபினுக்குப் பதில் தோலில் ஒட்டும் ஃபெண்டனில் பேட்ச் போன்றவை உண்டு. எலும்புக்கு சோலெட்ரானிக் அமில ஊசி, வலிக்கும் இடத்துக்குக் குறைந்த அளவு ரேடியேஷன் ஆகியவை பொருந்துமா என்றும் கேளுங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாக வாங்கித் தரவே கூடாது. மைலோமாவில் ஏற்கெனவே சிரமப்படும் சிறுநீரகத்தை அவை இன்னும் கெடுக்கும்.

கால்கள் திடீரென்று பலமிழந்தாலோ, சிறுநீர் பிரியாமல் நின்றாலோ அடுத்த ஓ.பி. நாள் வரை காத்திருக்காதீர்கள். தண்டுவடம் அழுந்துவதன் அடையாளமாக இருக்கலாம். உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள், நடு ராத்திரி என்றாலும்.