பேச்சு நின்ற போர்டு

அன்புள்ள சார்,

லினக்ஸ் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். ஆலைகளில் உள்ள மின்மீட்டர்களைப் படித்து சர்வருக்கு அனுப்பும் பெட்டி ஒன்றை எங்கள் கம்பெனி செய்கிறது. உள்ளே இருப்பது பீகிள்போன் பிளாக் என்ற சின்னக் கணினி போர்டு. போர்டோடு வந்த 3.8 கெர்னல்தான் (லினக்ஸின் மையப் பகுதி) இன்னமும் ஓடுகிறது. பவர் போட்டு எழுந்திருக்க 22 நொடி ஆகிறது. அதனால் 6.12 கெர்னலை எடுத்து, கெர்னலில் எதெல்லாம் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் மெனுகான்ஃபிக்கில் எனக்குப் புரியாததையெல்லாம் அணைத்துவிட்டு பில்டு செய்தேன். இமேஜ் பாதியாகக் குறைந்தது. ஆனால் போர்டில் ஏற்றினால், அதன் செய்திகளைக் காட்டும் சீரியல் இணைப்பில் ‘ஸ்டார்ட்டிங் கெர்னல்’ என்ற வரியோடு நின்றுவிடுகிறது. ஒரு நீல விளக்கு மட்டும் இரண்டு முறை மினுக்கி, கொஞ்சம் நின்று, மறுபடி மினுக்குகிறது. மூன்று நாளாக இதே கதை. எங்கள் சீனியர், “ஓடுகிற வண்டியின் போனட்டை எதற்குத் திறக்கிறாய்? 4 ஜிபி இருக்கிறது, இடத்துக்கா பஞ்சம்?” என்கிறார். கெர்னலைச் செதுக்குவது இந்தக் காலத்தில் வீண் வேலையா?

இரா.

அன்புள்ள இரா.,

முதலில் நல்ல செய்தி. உங்கள் போர்டு உயிரோடு இருக்கிறது. நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த நீல விளக்குதான் சாட்சி. இரட்டைத் துடிப்பு, இடைவெளி, மறுபடி இரட்டைத் துடிப்பு. இதற்குக் கெர்னலிலேயே ‘ஹார்ட்பீட்’ என்றுதான் பெயர். கெர்னல் எழுந்து அதன் டைமர் ஓடினால்தான் இந்தத் துடிப்பு வரும். சிபியுவுக்கு வேலை கூடினால் துடிப்பும் வேகமெடுக்கும். ஆகவே கெர்னல் ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்குப் பேச வாய்தான் இல்லை.

வாய் எங்கே போனது? என் ஊகத்தைச் சொல்கிறேன். பழைய கெர்னலில் இந்தச் சிப்பின் சீரியல் போர்ட்டுக்கு டிடிஒய்ஓ0 என்று பெயர். ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்தும் பூஜ்யமும் அடுத்தடுத்து, பார்வைக்கு இரண்டு முட்டை. (இதை பூஜ்யம் பூஜ்யம் என்று தட்டச்சு செய்துவிட்டு ஒரு மதியத்தையே தொலைத்தவன் நான்.) புதிய கெர்னலில் அதே போர்ட்டை 8250 குடும்பத்து டிரைவர் எடுத்துக்கொண்டுவிட்டது, பெயரும் டிடிஒய்எஸ்0 ஆகிவிட்டது. கெர்னலை ஏற்றிவிடும் உங்கள் யு-பூட் புரோகிராம் இன்னும் பழைய பெயரைச் சொல்லித்தான் கன்சோல் (செய்தி எழுதும் இடம்) கேட்டுக்கொண்டிருக்கும். பழைய பெயரில் கேட்டாலும் புதிய போர்ட்டுக்குத் திருப்பிவிட ஓர் ஆப்ஷன் உண்டு. அதன் பெயர் ‘ஃபிக்ஸப்’ என்று முடியும், இயல்பாகவே ஆன் ஆகி இருக்கும். நீங்கள் அணைத்த ‘புரியாதவை’யில் அதுவும் போயிருக்க வேண்டும். அதை மறுபடி ஆன் செய்யுங்கள், அல்லது யு-பூட் கெர்னலுக்குக் கொடுக்கும் பூட்ஆர்க்ஸ் வரியில் பெயரை மாற்றுங்கள்.

புரியாததை அணைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. மெனுகான்ஃபிக்கில் எந்த ஆப்ஷன் மேல் நின்றும் கேள்விக்குறியைத் தட்டினால் விளக்கம் வரும். ‘சந்தேகமாக இருந்தால் ஒய் போடு’ என்று பல இடங்களில் எழுதியே வைத்திருக்கிறார்கள். நானும் ஆரம்பத்தில் உங்களைப் போலத்தான். இமேஜைச் சிறியதாக்குகிறேன் என்று எம்எம்சி டிரைவரை மாட்யூலாக, அதாவது கெர்னலுக்கு வெளியே தனிக் கோப்பாக, மாற்றினேன். மாட்யூல் இருப்பது எஸ்டி கார்டில். கார்டைப் படிக்க அந்த டிரைவர் வேண்டும். பெட்டிக்குள் சாவியைப் போட்டுப் பெட்டியைப் பூட்டிய கதை. ‘ரூட் டிவைஸுக்காகக் காத்திருக்கிறேன்’ என்ற பொருளில் ஒரு வரி எழுதிவிட்டு, அந்த போர்டு இரவு முழுக்கக் காத்திருந்தது. நானும் கூடவே.

இனி அந்த 22 நொடி. அதில் கெர்னலின் பங்கு எவ்வளவு என்று அளந்தீர்களா? பெரும்பாலும் இரண்டு மூன்று நொடிக்கு மேல் இராது. மிச்சமெல்லாம் யு-பூட் ‘ஏதாவது கீயை அமுக்கு’ என்று எண்ணிக்கொண்டிருக்கும் நேரமும், கெர்னலுக்குப் பிறகு எழும் சர்வீஸ்களும்தான். கெர்னலின் பங்கிலும் ஒரு வேடிக்கை உண்டு. 115200 வேகத்தில் ஓர் எழுத்துக்கு 10 பிட் போகிறது, நொடிக்கு 11,520 எழுத்து. பூட் ஆகும்போது கெர்னல் 30,000 எழுத்து கொட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சீரியலில் எழுதி முடிக்கவே இரண்டரை நொடி, அதுவரை மற்ற வேலைகள் காத்திருக்க வேண்டும். பூட்ஆர்க்ஸில் ‘க்வயட்’ என்று ஒரு சொல் சேர்த்தால் அந்த நேரம் மிச்சம். மூன்று நாள் வெட்டியதில் கிடைக்காதது ஒரு சொல்லில் கிடைக்கலாம். ‘இனிட்கால் டீபக்’ என்ற ஆப்ஷனைப் பூட்ஆர்க்ஸில் கொடுத்தால் ஒவ்வொரு டிரைவரும் எவ்வளவு நேரம் எடுத்தது என்று கெர்னலே கணக்குச் சொல்லும். முதலில் அளவு, பிறகு கத்தரி.

உங்கள் சீனியர் சொல்வதில் பாதி சரி. இடத்துக்காகச் செதுக்கிய காலம் ஒன்று இருந்தது. 2002 கடைசியில் வந்த லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரில் ஃப்ளாஷ் 4 எம்பி, ராம் 16 எம்பி. கெர்னல், பிஸிபாக்ஸ் என்ற கட்டளைத் தொகுப்பு, வெப் பக்கங்கள் எல்லாம் அந்த 4 எம்பிக்குள் அடங்க வேண்டும். 2005-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஃப்ளாஷை 2 எம்பியாகவும் ராமை 8 எம்பியாகவும் குறைத்தார்கள். லினக்ஸை எடுத்துவிட்டு விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற வேறு ஓஎஸ்ஸைப் போட்டார்கள். அங்கே ஒவ்வொரு கிலோபைட்டும் காசு. உங்கள் 4 ஜிபியில் இமேஜ் பாதியானது யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஆனால் செதுக்க வேறு காரணம் இருக்கிறது. 2024 பிப்ரவரியிலிருந்து கெர்னலின் பாதுகாப்பு ஓட்டைகளுக்கு இடும் சிவிஇ அடையாள எண்களைக் கெர்னல் குழுவே தருகிறது. வாரா வாரம் பட்டியல் நீளமாக வருகிறது. புளூடூத்தும் வைஃபையும் நூறு ஃபைல்சிஸ்டங்களும் உள்ளே இருக்கிற கெர்னலை வைத்துக்கொண்டு அந்தப் பட்டியலைப் படிக்க உட்கார்ந்தால் வேறு வேலை ஓடாது. மீட்டரைப் படிக்கிற பெட்டிக்குத் தேவையானது மட்டும் இருந்தால், பட்டியலில் பெரும்பகுதியை ‘நம்மிடம் இந்தக் கோடே இல்லை’ என்று தாண்டிப் போகலாம். நான் செதுக்குவது இதற்காகத்தான்.

எங்கே கை வைப்பது என்பதில் நான் கறார். கான்ஃபிக்கில் தாராளமாக வையுங்கள். ‘சேவ்டெஃப்கான்ஃபிக்’ ஓட்டினால் ஆயிரக்கணக்கான வரிகள், நீங்கள் உண்மையில் மாற்றியவை மட்டும் என்று சுருங்கும். அதை கிட்டில் (மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) போட்டு, எதை எதற்காக அணைத்தீர்கள் என்று கமிட்டில் எழுதுங்கள். போர்டில் என்னென்ன எங்கே இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயில் யோசித்து வையுங்கள். கெர்னலின் சி கோப்பில் மட்டும், வேறு வழியே இல்லாதபோது.

உங்கள் மீட்டர்கள் ஆர்எஸ்-485 என்ற சீரியல் முறையில் பேசுபவையாக இருக்கும். ஒரே ஜோடி வயர். அனுப்பும்போது ஒரு பின்னை உயர்த்த வேண்டும், கடைசி பிட் வெளியேறியதும் இறக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் மீட்டர் அனுப்பும் பதிலின் முதல் எழுத்து போய்விடும். புதிய கெர்னலில் இதை டிவைஸ் ட்ரீயில் இரண்டு மூன்று வரியில் சொல்லிவிடலாம், டிரைவரே பார்த்துக்கொள்ளும். 3.8 காலத்தில் அந்த வசதி இல்லாததால் சீரியல் டிரைவரின் உள்ளேயே சொந்தத் திருத்தம் (பேட்ச்) போட்டவர்கள் நிறையப் பேர். அந்த பேட்ச்தான் பிறகு கால்கட்டு, புதிய கெர்னலுக்கு மாற விடாது. டபிள்யூஆர்டி54ஜிக்கும் அதே விதி. அதன் வைஃபை டிரைவரை சோர்ஸ் இல்லாமல், 2.4 கெர்னலுக்கு மட்டுமான பைனரியாகக் கொடுத்தார்கள். 2.6 கெர்னல் 2003 டிசம்பரிலேயே வந்துவிட்டது. 2010-ல் ரவுட்டர்களுக்கான லினக்ஸான ஓபன்டபிள்யூஆர்டி 10.03 வெளியானபோதும் அந்த ரவுட்டர்களுக்காக 2.4 இமேஜ் ஒன்றைத் தனியாகக் கொடுக்க வேண்டியிருந்தது.

‘ஓடுகிற வண்டி’ என்கிறாரே, அது எதுவரை ஓடும்? 3.8-க்குத் திருத்தம் தருவதை, கெர்னலை வெளியிடும் கெர்னல்.ஆர்க் 2013-லேயே நிறுத்திவிட்டது. உங்கள் சிபியு 32 பிட். 3.8 போன்ற கெர்னலில் அதன் கடிகாரம் 2038 ஜனவரி 19 அன்று நிரம்பி, 1901-க்குப் போய்விடும். 32 பிட்டில் அந்தத் தேதியைத் தாண்டக்கூடிய முதல் கெர்னல் 2020-ல் வந்த 5.6. மேலே ஓடும் சி லைப்ரரியையும் உங்கள் புரோகிராம்களையும் 64 பிட் நேரத்துக்கு மாற்றி பில்டு செய்ய வேண்டும், அது தனிக் கதை. ஆலைச் சுவரில் மாட்டிய பெட்டி 15 வருஷம் தொங்கும். ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் நேரம் எழுதுவதுதான் அதன் வேலையே.

ஆகவே 6.12-ஐ விடாதீர்கள், ஆனால் இப்போதைய கான்ஃபிக்கைத் தூக்கிப் போடுங்கள். இந்தச் சிப் குடும்பத்துக்குக் கெர்னலோடு வரும் ஓமாப்2பிளஸ் டெஃப்கான்ஃபிக்கிலிருந்து மறுபடி தொடங்கி, ஒரு சமயத்தில் ஒரு பகுதியை மட்டும் அணைத்து, ஒவ்வொரு முறையும் பூட் செய்து பாருங்கள். அதற்கு முன் சீனியரிடம் ஒன்று கேளுங்கள்: பழைய 3.8 சோர்ஸில் நம் கம்பெனி போட்ட பேட்ச்கள் எங்கே இருக்கின்றன, ஆர்எஸ்-485 பின்னை இப்போது யார் ஏற்றி இறக்குகிறார்கள்? யாருக்கும் தெரியவில்லை என்று பதில் வந்தால், அவர் போனட்டைத் திறக்க ஏன் பயப்படுகிறார் என்பது உங்களுக்குப் புரிந்துவிடும்.

டிடிஒய்எஸ்0 வாய் திறந்ததா என்று எழுதுங்கள்.