தம்பி காவலில் அடிபட்டதற்கு: நேரே ஐ.நா.வுக்குப் போகலாமா?

உங்கள் தம்பியைக் காவலில் அடித்திருக்கிறார்கள், கீழ் நீதிமன்றம் காயங்களைப் பார்க்காமலே மனுவைத் தள்ளிவிட்டது, இனி நேரே ஐ.நா.வுக்கே போய்விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். படிக்கவே மனம் கொதிக்கிறது. ஆனால் மேல்முறையீட்டைக் கைவிட்டுவிடாதீர்கள்.

ஐ.நா. மனித உரிமைக் குழு தனிநபர் புகாரை ஏற்க இரண்டு விஷயங்கள் வேண்டும். உங்கள் நாடு 1966-ஆம் ஆண்டின் விருப்ப நெறிமுறையில் (குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையோடு சேர்ந்த, தனிநபர் புகாருக்கு வழிவிடும் ஒப்பந்தம்) சேர்ந்திருக்க வேண்டும். உள்நாட்டு வழிகள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். வழக்கு நியாயமில்லாமல் இழுத்தடிக்கப்பட்டால் இரண்டாவதற்கு விலக்கு உண்டு. அதனால் ஒவ்வொரு வாய்தாத் தேதியையும் எழுதி வையுங்கள். சித்திரவதை குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளருக்கு (இத்தகைய புகார்களைக் கவனிக்க நியமிக்கப்பட்ட நிபுணர்) இப்போதே எழுதலாம். அவர் அரசிடம் விளக்கம் கேட்க முடியும், தீர்ப்புச் சொல்ல முடியாது.

எல்லாவற்றையும்விட அவசரமானது மருத்துவச் சான்று. காயம் ஆறிக்கொண்டிருக்கிறது, நாளை என்று தள்ளாதீர்கள். இஸ்தான்புல் நெறிமுறை, அதாவது சித்திரவதையின் தடயங்களை எப்படிப் பதிவு செய்வது என்று சொல்லும் ஐ.நா. வழிகாட்டி, தெரிந்த மருத்துவரைத் தேடுங்கள். உடல் காயத்தோடு தூக்கமின்மை, பயம் போன்றவற்றையும் அதன்படி பதிவு செய்வார்கள். அளவுகோல் வைத்து, தேதி தெரியும்படி படமும் எடுங்கள். காவலுக்குப் போகும்போது நல்ல உடம்போடு இருந்தார் என்பதற்குச் சாட்சி கிடைத்தால் விடாதீர்கள், ஏனென்றால் அப்புறம் காயம் எப்படி வந்தது என்று விளக்கும் பொறுப்பு அரசின் தலையில் விழும். பல மனித உரிமை நீதிமன்றங்கள் இதை ஏற்றிருக்கின்றன.

மேல்முறையீட்டுக் கெடு எப்போது முடிகிறது என்று வழக்கறிஞரிடம் இன்றே கேளுங்கள். மனுவில், காயத்தை விசாரிக்க மறுத்ததையே தனி உரிமை மீறலாக எழுதச் சொல்லுங்கள்.